சக்கரத்தில் ஒரு பேனா ஸ்பிரிங்

ஆஸ்பத்திரியில் அவருடைய உண்மைப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் 'சக்கரம்'. பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும், "சக்கரத்தைக் கூப்பிடு", "சக்கரம் சாப்பிடப் போயிருக்கு" என்றுதான் பேச்சு. அவரும் ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. நோயாளியைப் படுக்க வைத்துத் தள்ளும் ட்ராலி, மருந்து வண்டி, சலைன் ஸ்டாண்டு, அழுக்குத் துணி வண்டி என்று அந்தக் கட்டடத்தில் உருளுகிற எதுவும் மக்கர் பண்ணினால் திரும்ப உருள வைப்பது அவர் வேலை. கீழ்த்தளத்தில் சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே அவருக்கென்று ஓர் அறை. ஜன்னல் கிடையாது, ஆனால் யாரும் எட்டிப் பார்த்துத் தொந்தரவு செய்யவும் மாட்டார்கள்.

மனுஷனுக்கு வாழ்க்கையில் ரெண்டே ஆசை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்ட வேண்டும். அளவுக்கு மேல் யாரிடமும் பேசக்கூடாது. இப்படிப்பட்டவர் தலையில் போய் ஒரு கண்டுபிடிப்பு விழுந்தது பாருங்கள், அதுதான் வினை.

ட்ராலிச் சக்கரத்துக்கு எமன் துருவும் இல்லை, பாரமும் இல்லை. முடி. தலைமுடியும் கட்டுத்துணி நூலும் போர்வையிலிருந்து பிரிகிற இழையும் அச்சில் சுற்றிச் சுற்றி இறுகிவிடும். அப்புறம் சக்கரம் உருளாது, தரையில் தேயும். ஒருமுறை ஆபரேஷனுக்குப் போன ஒரு பெரியவரின் ட்ராலி, லிப்ட் வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே என்று நின்றுவிட்டது. கதவு மூட வருவதும் இடித்துத் திறப்பதுமாக இருந்தது. பெரியவர் படுத்த வாக்கிலேயே, "நான் வேணா நடந்தே வந்துடவா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சக்கரத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி சாப்பாடும் அவருக்குச் சரியாக இறங்கவில்லை.

கழற்றிய ஒரு பழைய ஸ்க்ரூவில்தான் விடை இருந்தது. அதில் ஒரு நீள முடி சுற்றியிருந்தது. பிளேடை எடுக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, விரலில் முடியை லேசாகப் பிடித்தபடி ஸ்க்ரூவைச் சும்மா திருகினார். முடி ஸ்க்ரூவின் மரைப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து முனைக்கு வந்து, நழுவிக் கீழே விழுந்தது. அடடா என்று உட்கார்ந்துவிட்டார். தள்ளினாலும் இழுத்தாலும் ட்ராலிச் சக்கரம் தானே திரும்பிக்கொண்டு ஒரே பக்கமாகத்தான் சுழலும். அப்படியானால் அச்சின் இரண்டு பக்கமும், முடியை வெளியே தள்ளுகிற சாய்வில் மரை வெட்டிவிட்டால் போதாதா? வெட்டினார். மேலே ஒரு மூடி போட்டு, முடி விழ அடியில் மட்டும் சின்ன இடுக்கு விட்டார். சில ட்ராலிகளில் மாட்டியும் பார்த்தார். மாசக்கணக்கில் ஓடின, ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை.

இங்கேதான் நம்ம ஆள் ஒரு கூத்து பண்ணினார். மூடிக்குள்ளே என்ன என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். சொல்ல மனசில்லை, சொல்ல மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வரவில்லை. யோசித்துவிட்டு, மூடியை ஒட்டி மூடி, அதன் மேலே வெளியில் தெரிகிற மாதிரி பளபளவென்று ஒரு குட்டி ஸ்பிரிங்கைப் பொருத்தினார். பட்டன் பேனாவுக்குள் இருக்குமே, அதே ஸ்பிரிங். அதனால் ஆகிற காரியம் ஒன்றுமே இல்லை. ஆனால் கேட்பவர்களிடம் அதைக் காட்டி, "எல்லாம் அந்த ஸ்பிரிங்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கேட்டவர்களும் ஓகோ என்று தலையாட்டினார்கள். நர்ஸ்கள் மட்டும், மேஜையில் வைக்கிற பேனாவெல்லாம் ஏன் ஒவ்வொன்றாக, அழுத்தினால் முனை நிற்க மாட்டேன் என்கிறது என்று குழம்பிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கேட்டபோதும் அதே ஸ்பிரிங் கதையைத்தான் சொன்னார். மனைவியிடம் மறைக்க வேண்டும் என்பதில்லை. மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான், அதுதான் சிக்கல்.

மச்சினனுக்குக் குடும்பத்தில் 'ரேடியோ' என்று பெயர். நல்லவன், தங்கமானவன், ஆனால் ஓட்டை வாய். மனசில் விழுந்தது மறுநிமிஷம் நாக்கில் இருக்கும். குளியலறை சாமான் விற்கும் கடையில் வேலை. பேசிப் பேசியே தொட்டியைத் தலையில் கட்டி அனுப்பிவிடுவான். சக்கரம் கண்டுபிடித்த சேதி காதில் விழுந்ததும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா கம்பெனி ஆரம்பித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று ஒரே பாட்டு. ஒருநாள் பெயர்ப்பலகையே எழுதிக்கொண்டு வந்துவிட்டான். அதில் மாமா நிர்வாக இயக்குநர். அடியில் அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இவன் விற்பனை இயக்குநர். மனைவியும் யோசிக்க ஆரம்பித்தாள். தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றாள்.

சக்கரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாடகைக்கு இடம், வேலைக்கு ஆள், வரி, வாக்குவாதம், எல்லாவற்றுக்கும் மேலே பேச்சு, பேச்சு, பேச்சு. அந்த ஜன்னலில்லாத அறையை விட்டுப் போவதா? ஆனால் கம்பெனி வேண்டாம் என்றால் கண்டுபிடிப்பு கையை விட்டுப் போய்விடும் என்கிறார்களே. ஒன்று தன் வாழ்க்கை போக வேண்டும், இல்லாவிட்டால் தன் சக்கரம் போக வேண்டும் என்று நினைத்து நினைத்து மனுஷன் பாதியாக இளைத்தார். பெயர்ப்பலகையை, வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் சுவர்பக்கம் திருப்பி வைத்தார்.

அப்புறம் ஒரு மத்தியானம் ஒரு நர்ஸ் ஓடி வந்து போனை நீட்டினாள். உங்க மச்சினன்தானே, வீடியோ எங்கே பார்த்தாலும் ஓடுதே என்றாள். ஏதோ கட்டுமானப் பொருள் கண்காட்சி. மேடையில் மைக்கும் கையுமாக ரேடியோ. இன்னொரு கையில், மாதிரிக்கென்று மாமா கொடுத்து வைத்திருந்த ஒரு ட்ராலிச் சக்கரம். "எங்க மாமா கண்டுபிடிச்ச ரகசியத்தை இப்ப உங்க முன்னாடி உடைக்கப் போறேன்" என்று ஆரம்பித்தான். அதற்குள் நர்ஸை யாரோ கூப்பிட, போனோடு போய்விட்டாள். சக்கரம் அங்கேயே ஒரு துணி வண்டியில் சாய்ந்துவிட்டார். மூடியை உடைத்திருப்பான். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று தோன்றியது.

சாயந்திரம் வீட்டில் மச்சினனைத் திட்டவும் அவருக்குத் தெம்பில்லை. ஊர் உலகம் பாராட்டுகிறது என்று அவன் மலர்ந்த முகத்தோடு வந்து நின்றபோது என்னத்தைச் சொல்வது? மனைவிதான் அவர் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் பிடுங்கினாள். பொது நூலகத்தில் ஒரு வக்கீலம்மா வாரம் ஒருநாள் உட்கார்ந்து, கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்குவது பற்றி இலவசமாக வழி சொல்கிறார் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தாள். மறுநாளே அவர் வருகிற நாள். மூன்று பேரும் கிளம்பினார்கள்.

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் எப்படி வேலை செய்கிறது என்பதை ஊருக்குச் சொல்லிவிட்டால், பெரும்பாலும் அப்புறம் உரிமை கேட்க முடியாது, சொன்ன வாய்தான் முதல் எதிரி என்றார். மச்சினனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே ஓரமாகப் போய் உட்கார்ந்தான். அவன் அப்படி வாயை மூடி உட்கார்ந்து அக்கா பார்த்ததே இல்லை.

"என்ன சொன்னாருன்னு முழுசாப் பார்த்துடலாம்" என்றார் வக்கீலம்மா.

வீடியோ ஓடியது. சக்கரம் கண்ணை மூடிக்கொண்டார். காதை மூட முடியவில்லை. "பார்த்துக்கோங்க, இந்த ஸ்பிரிங்தான் உயிர். இதோட துடிப்புலதான் முடி உள்ள வராம தெறிச்சு ஓடுது" என்று மச்சினன் முழங்கிக்கொண்டிருந்தான். ஸ்பிரிங், ஸ்பிரிங் என்று அதே புராணம், கைதட்டல் வரை. மூடியைத் தொடவே இல்லை. சக்கரம் ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றையும் திறந்தார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது என்னவோ எழுந்து போன மாதிரி இருந்தது. மூடியை யாராவது திறந்தார்களா, சக்கரத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்தானா என்று வக்கீலம்மா குடைந்து குடைந்து கேட்டார். திறக்கப் பார்த்தேன், மாமா ஒட்டி வெச்சிருந்தாரு, கையை விட்டு இறக்கவே இல்லை என்றான் அவன் ஈனசுரத்தில்.

"அந்த ஸ்பிரிங் என்னங்க செய்யுது?" என்று கேட்டார் வக்கீலம்மா.

இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் மனைவி, ஓரத்தில் மச்சினன். சக்கரம் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணும் செய்யாதும்மா. பேனா ஸ்பிரிங்."

மனைவி மெதுவாகத் திரும்பி, "எனக்கும் ஸ்பிரிங்தானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவரை நன்றாகவே சுட்டது. மச்சினனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"என்னை நம்பலையா மாமா?"

"நம்பினேன் மாப்ள. சொன்னா நீ ஊருக்கே சொல்லிடுவேன்னு முழுசா நம்பினேன்."

முதலில் சிரித்தது வக்கீலம்மாதான். அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்து மனைவி. கடைசியில் மச்சினனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். சக்கரத்துக்கு மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போன உயிர் திரும்பி வந்தால் அப்படித்தான் இருக்கும்.

ட்ராலிகளிலும் மூடி ஒட்டியே இருந்ததால் தப்பித்தீர்கள், புத்தியைவிட அதிர்ஷ்டம் ஜாஸ்தி என்றார் வக்கீலம்மா. இனிமேல் யாருக்குச் சொன்னாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொல்லுங்கள் என்று, ரகசியம் காப்பேன் என்கிற ஒரு தாளை எடுத்து மச்சினன் முன்னால் வைத்தார். அவன் மாமாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக் கையெழுத்துப் போடப் போனான். முனை உள்ளே ஓடிவிட்டது. பேனாவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், வக்கீலம்மாவின் பேனாவை வாங்கிப் போட்டான்.

கம்பெனி பேச்சை சக்கரம்தான் பயந்து பயந்து எடுத்தார். ஆரம்பிக்காவிட்டால் சக்கரம் நம்முடையதாக இருக்காதா என்று கேட்டார். வக்கீலம்மா அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "சமைக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் ஓட்டல் நடத்தணுமா என்ன? உரிமை உங்க பேர்ல இருக்கட்டும். செய்யறதுக்கு ஏற்கெனவே சக்கரம் செய்யறவங்க இருக்காங்க. அவங்களுக்கு அனுமதி கொடுங்க, விக்கிற ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்கு ஒரு பங்கு வரும். நீங்க பாட்டுக்கு உங்க வேலைக்குப் போங்க."

நீங்க பாட்டுக்கு உங்க வேலைக்குப் போங்க. அந்தச் சொல்லை மனுஷன் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கே சமையலறை மேஜையில் ஒரு சக்கரத்தை வைத்து, ஒட்டிய மூடியைப் பெயர்த்து, மனைவிக்கும் மச்சினனுக்கும் மரையைக் காட்டினார். மனைவி தன் தலையிலிருந்து ஒரு முடியை எடுத்துப் போட்டுச் சுற்றிப் பார்த்தாள். அது நகர்ந்து வந்து மேஜையில் விழுந்ததும், இதைச் சொல்லத்தான் இத்தனை நாளா என்று அவர் தோளில் செல்லமாக ஒரு அடி கொடுத்தாள். மச்சினன் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் மெதுவாக, ஆனால் ஒழுங்காக நடந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகி, தங்கள் ட்ராலிகளுக்கு மாட்டிக் கொடுத்தால் போதும், உரிமையில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். விண்ணப்பம் போயிற்று. சக்கரம் செய்கிறவர்களிடம் பேச ரேடியோவைவிடப் பொருத்தமான ஆள் யார்? இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார், அவன் பேசினான். ஒருத்தர் கைவிரித்தார், ஒருத்தர் இழுத்தடித்தார், ஒருத்தர் அனுமதி வாங்கிக்கொண்டார். அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை: புதுச் சக்கரம் சந்தைக்கு வருகிற வரைக்கும் உள்ளே என்ன என்று மூச்சு விடக்கூடாது. அதைக் கேட்டதும் சக்கரத்துக்குப் பழைய பயம் ஒரு நிமிஷம் தலைகாட்டியது. மச்சினனைக் கடைக்கண்ணால் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையெழுத்தான வாரக் கடைசியில் உறவுக்காரர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள் மனைவி. பாத்திரம் வைக்க இடம் போதாமல், பெயர்ப்பலகையை எடுத்துத் துடைத்து, இரண்டு ஸ்டூல் மேல் கவிழ்த்துப் போட்டு மேஜையாக்கியிருந்தாள். பந்தி களைகட்டியிருந்தபோது மனைவியின் பெரியப்பா பேச்சை ஆரம்பித்தார். ஒரு காலத்தில் பட்டறை வைத்திருந்தவர், மூடியை மூடியாக விடுகிற ரகம் இல்லை.

"அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே. இப்பவாவது சொல்லுங்கப்பா, உள்ள என்னதான் இருக்கு?"

பந்தி முழுக்க சக்கரத்தைப் பார்த்தது. அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அதற்குள் எதிரே மச்சினன் தொண்டையைக் கனைத்தான். அவன் கனைத்தால் அடுத்தது பிரசங்கம் என்று அந்தக் குடும்பத்தில் குழந்தைக்கும் தெரியும். சக்கரம் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் மனைவியின் கை அவர் முழங்காலை இறுக்கிப் பிடித்தது.

மச்சினன் தண்ணீரை எடுத்துக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். மாமாவை ஒரு பார்வை பார்த்தான்.

"எல்லாம் அந்த ஸ்பிரிங்தான் பெரியப்பா" என்றான்.