ஃபியூஸில் நான் சுற்றிய செம்புக்கம்பி

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, எட்டயபுரம் ரோட்டில் கார் ஒயரிங் கடை வைத்திருந்த பால்ச்சாமி மாரடைப்பில் இறந்துபோனார். நான் என் பயறுக் கடையில் உளுந்து மூடைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். செல்போனில் சொன்னவர், "நல்ல வேலைக்காரன் போயிட்டான் அண்ணாச்சி" என்றார். பால்ச்சாமியிடம் வண்டியை விட்டுவிடாதீர்கள் என்று மூன்று வருஷமாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்தான். போனை வைத்ததும் எனக்கு வெறுப்புதான் வந்தது. போனில் பேசியவர் மேல் பாதி, என் மேல் மீதி.

நம் வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் இரங்கல் கூட்டம் போட்டோம். பேசிய எல்லாரும் கைராசி, நேர்மை என்று அடுக்கினார்கள். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு பல்பு மாற்றக்கூட அந்தக் கடைப்பக்கம் போகாதவர்கள். கூட்டம் முடிந்ததும் காப்பியும் காராச்சேவும் வந்தன. நானும் வாங்கித் தின்றேன்.

அவர் வேலை எப்படிப்பட்டது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன். என் பழைய டீசல் காரில் பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரியும். வேறொருவர் மூன்று தடவை பல்பு மாற்றினார், சுவிட்சையும் மாற்றினார், பணம் வாங்கினார். பால்ச்சாமி பல்பைத் தொடவே இல்லை. எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, அடியிலிருந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப முடுக்கினார். ஒரு டீ குடிக்கிற நேரம்தான். "கரண்டு போற வழியத்தான் எல்லாரும் பாக்குதாங்க. திரும்பி வார வழிய ஒருத்தரும் பாக்க மாட்டேங்காங்க" என்றார்.

பிறகொரு தடவை லைட்டுக்கான ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு ஃபியூஸ் போட்டுத் தரச் சொன்னேன். "ஃபியூஸ் தப்புப் பண்ணல அண்ணாச்சி. தப்பக் காட்டிக் குடுக்குது" என்றவர், ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பை இரண்டு ஒயரில் மாட்டி, லைட் சுவிட்சைப் போட்டார். ஒயர் எங்கேயோ தகட்டில் பட்டுக்கொண்டிருக்கும் வரை இது பளிச்சென்று எரியும், அது விட்டதும் மங்கும், மங்கினால் குரல் கொடுங்கள் என்று என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார். அவர் ஒவ்வொரு ஒயராக ஆட்டிக்கொண்டே பின்னால் போனார். டிக்கிக்கு வந்தபோது பல்பு மங்கியது. நம்பர் பிளேட் விளக்குக்குப் போகிற ஒயர், தகட்டு ஓட்டையின் விளிம்பில் தேய்ந்து செம்பு தெரிந்தது. டிக்கியில் நான் ஏற்றிய மூடைகள் அழுத்தி அழுத்தி வந்த வினை. "கார்ல பயறு ஏத்துதீங்க, பயறு ஒயரத் திங்குது" என்று சிரித்தார். ஒயரைச் சரிசெய்து டேப் சுற்றினார். ஓட்டைக்குப் போடும் ரப்பர் வளையம் மதுரையிலிருந்து வர இரண்டு நாளாகும், அதுவரை டிக்கியில் பாரம் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாளே எப்போதும்வென்றான் ஊரில் பாசிப்பயறு விலை இறங்கிக் கிடந்தது. வேனுக்கு எதற்கு வாடகை என்று நாலு மூடையை டிக்கியில் திணித்தேன். பொழுது சாயும்போது லைட்டைப் போட்டேன், அணைந்துவிட்டது. கைவசம் இருந்த இரண்டு ஃபியூஸும் போயின. ஊர்க் கடையில் துண்டு ஒயர் வாங்கி, தோலைச் சீவி, செம்புக்கம்பியைப் போன ஃபியூஸின் மேல் நன்றாகச் சுற்றி மாட்டினேன். லைட் வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நம்மில் இதைச் செய்யாதவர் யார்? எட்டயபுரம் வருமுன் டேஷ்போர்டுக்கு அடியில் புகை கிளம்பியது. இறங்கி ஓடி, ரோட்டோரக் கரிசல் மண்ணை வாரி வாரிப் போட்டேன். கார் தப்பியது. ஒயரிங் மொத்தமும் உருகிப்போனது.

அடுத்த நாள் டீக்கடையில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "முந்தாநாள்தான் பால்ச்சாமி கைவச்சான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை. அதை நினைத்தால் எச்சில் துப்பத் தோன்றுகிறது. ஒரு வாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் தன் வேன்களையெல்லாம் வேறு கடைக்கு மாற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மாற்றினார்கள்.

கட்டி இழுத்து வந்த காரைப் பால்ச்சாமிதான் பார்த்தார். ஃபியூஸ் பெட்டியிலிருந்து உருகிய செம்பைக் குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். சத்தம் போடவில்லை.

"இது என் வேலையில்லன்னு ஒங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. நான் சொன்னா, சாக்குச் சொல்லுதான்னு போயிருவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

பாப்போம் என்றேன். வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட சரக்குக்கு நான் சொல்கிற "பாப்போம்" அது. வண்டி முழுக்கப் புது ஒயர் இழுத்துக் கொடுத்தார். இன்றைக்கு வரைக்கும் ஒரு விளக்கு கண் சிமிட்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் வணக்கம் சொல்வார். அந்த ஒரு வார்த்தையை இரண்டாவது தடவை அவர் கேட்கவே இல்லை. அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அதுதான், கேட்காமல் விட்டது.

பதினாறாம் நாள் முடிந்தபின் அவர் மனைவி முத்துலட்சுமியைப் பார்க்கப் போனேன். ஆள் வைத்துக் கடையை அவரே நடத்துகிறார். ஒரு கவரில் பணம் கொண்டுபோயிருந்தேன். என் புத்தி அப்படித்தான் போகும். கவரை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அவிய என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாவ. ரூவாய வச்சு நான் என்ன செய்ய? பேரை நீங்கதான கெடுத்தீங்க, நீங்கதான் சரியாக்கணும்."

என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். யோசித்து வைத்திருந்தவர்போலச் சொன்னார். சங்க மாத இதழில் எழுத வேண்டும். என் பெயரும் கடைப் பெயரும் இருக்க வேண்டும், 'ஒரு வியாபாரி' என்று ஒளிந்துகொள்ளக் கூடாது. செம்புக்கம்பியைச் சுற்றியது நான் என்று வர வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில், அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி உட்கார்ந்திருக்கும்போது, நானே எழுந்து வாசிக்க வேண்டும். அச்சான தாளை முத்துலட்சுமி தன் கடைச் சுவரில் ஒட்டுவார். கிழிந்தால் வேறு தாள் நான் கொடுக்க வேண்டும், கடை இருக்கும்வரை.

பேரம் பேசவில்லை. சரி என்றேன். அந்தத் தாள்தான் இது.