உதாரணத்துக்கு ஒரு மருதாயி

மருதாயிக்கு வேண்டியிருந்தது தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் ஓர் அறைதான். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து நீலகிரிக்கு ஏறிய நாள் முதல் அவளும் புருஷன் தங்கவேலுவும் சோலூருக்குக் கீழே ஒரு தார்ப்பாய்க் குடிசையில் கிடந்தார்கள். இலங்கை மலையிலேயே பிறந்து வளர்ந்தவன்தான் தங்கவேலு. ஆனாலும் இந்த மலைக் குளிர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சில் சளி கட்டி, உட்கார்ந்தபடியே தூங்கினான். தை பிறந்ததும் மருதாயியின் வேலையை நிரந்தரமாக்கி அறையும் தருவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். நாலு சுவரும் ஒரு கூரையும் கிடைத்தால் மனுஷன் பிழைத்துக்கொள்வான் என்று நம்பி அவள் கொழுந்து பறித்தாள்.

மழை விட்டதும் மேல்மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார்கள். வெட்டி விழும் குச்சிகளை இலங்கைத் தோட்டங்களில் மிலாறு என்பார்கள். வேலை முடிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு கட்டு மிலாறு தலையில் வைத்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். யாரையும் கேட்பதில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. மருதாயியும் அப்படியே பட்டப்பகலில், மேஸ்திரி பார்க்க, ஒரு கட்டைத் தூக்கினாள். இந்தத் தோட்டத்தில் அதை வண்டிக்காரர்களுக்கு விலைக்குக் கொடுப்பது அவளுக்குத் தெரியாது. காவற்காரன் ஆண்டி வழிமறித்தான். துரை விசாரித்தார். பழக்கம் தெரியாத பெண் என்று கண்டு, கட்டை இறக்கிவிட்டுப் போகச் சொன்னார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

ஊட்டியிலிருந்து ‘மலைச்சங்கு’ என்றொரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. கொலை, கள்ளக்காதல், குதிரைப்பந்தயம் இவற்றுக்கு நடுவே குமாரசாமி என்பவர் ‘உரைகல்’ என்ற பெயரில் ஒரு பக்கம் எழுதுவார். ஆண்டி டீக்கடையில் சொன்ன கதை எப்படியோ அவர் காதுக்குப் போயிற்று. சிலோனிலிருந்து வந்தவர்கள் உடம்பு வளையாத சோம்பேறிகள் என்று அந்த வாரம் எழுதினார். நாலு வரி தள்ளி, அவர்கள் ராப்பகலாக உழைத்து உள்ளூர்க்காரர்களின் வேலையையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றும் எழுதினார். வெளியிலிருந்து வந்தவர்கள் மலைக்குப் பாரம் என்று முடித்திருந்தார். அவரே பெருந்துறைப் பக்கமிருந்து பிழைக்க ஏறி வந்தவர். தோட்டத்தின் பெயரைப் போடவில்லை. தோட்டம் விளம்பரம் கொடுக்கும். ‘விறகு திருடி மருதாயி, தங்கவேலு மனைவி’ என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

பக்கத்துக் குடிசைச் சின்னம்மை ஞாயிற்றுக்கிழமைகளில் அதே குமாரசாமி வீட்டில் துணி துவைத்துப் பாத்திரம் தேய்ப்பவள். அவள் மகள் பத்திரிகையைப் படித்துக் காட்டியதும் கொழுந்துக் காட்டில் சிரிப்பு எழுந்தது.

“நாம சோம்பேறியா, இல்ல வேலையப் புடுங்குறவளா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லச் சொல்லு சின்னம்மக்கா. அதுக்குத் தக்கன நாளைக்கு வேலைக்கு வாறதா வேணாமான்னு பாத்துக்கிறோம்” என்றாள் ஒருத்தி.

“ரெண்டாளு வேலைய ஒரு ஆளுக் கூலிக்கு எங்கிட்ட வாங்குற மனுஷன். அவருக்கு நாம சோம்பேறிதான்டி” என்றாள் சின்னம்மை.

மருதாயி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் தோட்டத்து ரைட்டர் அவளைக் கூப்பிட்டு, பத்திரிகையில் வந்துவிட்டதால் தையில் அறை கிடையாது என்றார். நான் திருடவில்லை என்று துரைக்கே தெரியுமே என்றாள். துரைக்குத் தெரியும், பத்திரிகையைப் படித்தவர்களுக்குத் தெரியாதே என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மையோடு ஊட்டி பஸ் ஏறினாள். குமாரசாமி கோபக்காரர் இல்லை. வாசலில் நிற்கவைத்தாரே தவிர, பதமாகத்தான் பேசினார். புருஷனின் நெஞ்சைப் பற்றியும் அறையைப் பற்றியும் சொல்லி, பழக்கம் தெரியாமல் எடுத்தாள் என்று ஒரு வரி எழுதும்படி மருதாயி கேட்டாள்.

“உன்னைச் சொல்லலையம்மா. பொதுவாச் சொன்னேன்.”

“பொதுவாச் சொன்னா எம் பேரு எதுக்குங்கய்யா?”

“ஒரு உதாரணத்துக்கு. அகப்பட்டவ நீ ஒருத்தி. அகப்படாதவங்க எத்தனை பேரோ.”

“அகப்படாதவங்கள எப்படிங்கய்யா எண்ணுனீங்க?”

அவர் சிரித்தார். “வெவரமாத்தான் பேசறே. ஆனா எழுதுனதை மாத்தி எழுதுனா பத்திரிகை பேரு என்னாவறது? பேருன்னு ஒண்ணு இருக்குதில்ல?”

சின்னம்மை பின்பக்கமாகப் போய் அவர் வீட்டுத் துணியை நனைத்தாள். மருதாயி தனியாகத் திரும்பினாள்.

தை பிறந்து, உறைபனி கொட்டிய ஒரு விடியலில் தங்கவேலு உட்கார்ந்தபடியே போய்விட்டான். உடம்பு விறைத்துப் போயிருந்தது. நிமிர்த்திப் படுக்கவைக்க அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் வர வேண்டியிருந்தது.

அடுத்த ‘மலைச்சங்கு’ இதழில் ‘தாயகம் நம்பி வந்தவனைக் குளிரில் கொன்றது யார்?’ என்று உரைகல் கேட்டிருந்தார். முதலாளிகளுக்கு நெஞ்சில் ஈரமில்லையா என்று கேட்டார். படித்தவர்கள் அழுதார்கள். மருதாயி இப்போது ‘கண்ணீர் வற்றிய ஏழைத்தாய்’ ஆகியிருந்தாள். முன்பு எழுதியது அவருக்கு மறந்தேபோயிருக்கலாம். படித்தவர்களும் அதைக் கேட்கவில்லை.

துரைக்குச் சங்கடமாகப் போயிற்று. அந்த வாரமே ரைட்டர் சாவியோடு வந்தார்.

“உரைகல் ஐயா எழுதுனதாலதான் ரூம் கெடைச்சுதுங்க. ஒரு எட்டு போயி அவரைக் கும்பிட்டுட்டு வந்துருங்க.”

மருதாயி சாவியை வாங்கிக்கொண்டாள். கும்பிடப் போகவில்லை. எத்தனை செய்தாலும் சிலோன்காரிக்கு நன்றி கிடையாது என்று லயத்தில் பேசினார்கள். அந்தப் பேர் அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

முதல் நாள் அவள் கதவைச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். அறை கதகதப்பாகத்தான் இருந்தது.