நெல் அண்டாவில் பிறந்தவர்

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது நான்கு. தம்பி மனைவி போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் இன்று நிமிர்ந்து நிற்கின்றன. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எனக்கு எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும், கடலைச் செடியை மண்ணிலிருந்து பிடுங்குகிற மாதிரி, அவசரமாக இழுத்தால் பாதி உள்ளேயே நின்றுவிடும். நான்கு நாளாக எழுதுகிறேன். என்னை யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

போன வாரம் திருப்பதியிலிருந்து ஒருவர் வந்தார். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெலுங்குக்காரர், ஆனால் பொறுமையாகத் தமிழ் பேசினார். யுத்த காலத்தில் மலேயாவில் இருந்த கூலிக்காரர்கள் தாங்களாகவே போய்ச் சேர்ந்த ஒரு காலாட்படையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். பிரிகேட் என்கிறார். என் நைனா, அதாவது அப்பா, அதை 'நம்ம படை' என்றுதான் சொல்லுவார். அந்தப் படையில் செத்த நம் பக்கத்து ஆட்கள் பெயரைக் கல்லில் வெட்டி, பிச்சாட்டூரில் நடப் போகிறார்கள். பட்டியலைப் பிரித்துக் காட்டினார். அதில் என் நைனா பெயர் இருந்தது. பர்மாவில் ஆற்றைக் கடக்கும்போது வீரமரணம்.

"பாவம்மா நீங்க. நைனா முகத்தைப் பாக்காமலே வளந்திருப்பீங்க" என்றார்.

"என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டதே அவர்தான். அவர் செத்தது பர்மாவுல இல்ல, அதோ அந்த வேப்பமரத்துக்கிட்ட, கயித்துக் கட்டில்ல" என்றேன்.

வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்த ஓட்டு லிஸ்டிலும் ரேஷன் கார்டிலும் அந்தப் பெயர் இல்லையே என்றார்.

"இருக்காது. அந்தப் பேர்ல அவர் இங்க வாழவே இல்லியே."

என் பெரிய மகன் குறுக்கே வந்தான். "சார், நீங்க எழுதிக்கினது எழுதினதாவே இருக்கட்டும். அம்மா, கல்லுல பேரு வருது, ஊரே பாக்கும். வர்றதைப் போயி ஏம்மா தடுக்கற?"

வந்தவர் நல்லவர். வெள்ளிக்கிழமை பட்டியல் கல் வெட்டுகிறவரிடம் போகும், அதற்குள் தெரிந்ததை எழுதி வையுங்கள் அம்மா, படித்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் எழுதுகிறேன். அந்த வரியில் இருக்க வேண்டியது வேறு ஒருவர் பெயர். நான் சொல்லாவிட்டால் அவர் எந்தக் கல்லிலும் இருக்க மாட்டார்.

நான் தொட்டிலில் இருக்கும்போது நைனா கப்பல் ஏறிவிட்டார். ரப்பர் தோட்டத்தில் வேலை. விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் போய், பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுக்க வேண்டும். யுத்தம் வந்தது, தோட்டத்துத் துரைகள் ஓடிப்போனார்கள், பால் வாங்க ஆளில்லை. அப்போது வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட ஆள் சேர்த்தார்கள். யாரையும் பிடித்து இழுக்கவில்லையாம். கையைத் தூக்கினவனெல்லாம் சிப்பாய். துப்பாக்கி வந்து சேரும்வரை கட்டையைத் தோளில் வைத்துப் பழகினார்கள். நடக்கச் சொன்னால், பத்தடிக்கு ஒருமுறை வரிசை மொத்தமும் தன்னையறியாமல் கொஞ்சம் நின்றுவிடுமாம், பக்கத்தில் ரப்பர் மரம் இருக்கிற மாதிரி. கை இடுப்பில் கத்தியைத் தேடுமாம். பழக்க வந்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டாராம்.

இதையெல்லாம் நைனா பிற்பாடு, மத்தியானம் சாப்பிட்ட பிறகு கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு சொல்லுவார். முன்னது பின்னதாக வரும். நான் பக்கத்தில் பாதித் தூக்கத்தில் கேட்பேன். அதனால் எனக்குத் தெரிந்த பர்மாவில் நம் பனைமரங்கள் நிற்கும். மூங்கில் காட்டுக்கு நடுவே நம் கடலைக்கொல்லை மஞ்சளாகப் பூத்திருக்கும். சிப்பாய்கள் மழையில் வரிசையாக, சத்தமே இல்லாமல் நம் கரும்புத் தோட்டத்து வரப்பின் மேல் நடந்து போவார்கள். இன்றும் கண்ணை மூடினால் அப்படித்தான் போகிறார்கள். முகம் தெரியாது. முதுகுதான் தெரியும்.

அந்த முதுகுகளில் ஒன்றில் சிவப்பாக ஒரு ஒட்டு இருக்கும். நைனாவின் காக்கிச் சட்டை முதுகில் கிழிந்துபோக, ஊரிலிருந்து எடுத்துப் போயிருந்த அம்மாவின் சேலைத் துண்டை வைத்துத் தைத்துக்கொண்டார். படையில் அதை வைத்து அவரைக் கேலி செய்வார்களாம். "பொண்டாட்டியை முதுகுல கட்டிக்கினு சண்டைக்கு வந்துட்டான்" என்று முதலில் சொன்னவர் விஜயபுரத்துப் பக்கத்து ஆள். அவரும் அதே படைதான்.

இன்னொருவர் தஞ்சாவூர்ப் பக்கம். தாய் தகப்பன் தோட்டத்திலேயே போய்விட்டார்கள். ஊரில் அவரைத் தேட ஒருவரும் இல்லை. நைனாவும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்த சமயம் மழைக்காலம். அரிசி தீர்ந்துபோய் மூங்கில் குருத்தை வேகவைத்துத் தின்றார்கள். மச்சானுக்கு விஷக்காய்ச்சல், பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். நைனா தன் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். விடிகிற நேரத்தில் ஆற்றில் இறங்கினார்கள். எதிர்க்கரையிலிருந்து சுட்டார்கள். சிவப்பு ஒட்டுப் போட்ட முதுகு தண்ணீரில் குப்புற விழுந்து, சுழன்று, தண்ணீரோடு போனது. பின்னால் வந்த விஜயபுரத்தார் அதைப் பார்த்தார். பார்த்ததைத்தான் ஊருக்கு வந்து சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவர் வந்து சொன்னபோது எனக்கு ஆறு வயது இருக்கும். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் பொம்மை செய்து கருமம் முடிப்பது எங்கள் வழக்கம். ஆரணியாற்று மணலில் அதைப் படுக்க வைத்தார்கள். கையும் காலும் இருந்தது. வேட்டி கட்டியிருந்தது. அத்தை என்னைத் தூக்கி, "நைனாவைப் பாத்துக்கோ" என்றாள். நான் பார்த்துக்கொண்டேன். பச்சை வாசனை. பிறகு புகை. அம்மா கழுத்தில் தாலி இல்லை. ரொம்ப நாள் வரைக்கும் நைனா என்றால் புல்லில் செய்வது என்றே நினைத்திருந்தேன். வரப்பில் தர்ப்பை அசைந்தால் நின்று பார்ப்பேன். அந்த மணல் இப்போது பிச்சாட்டூர் அணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது தண்ணீரைப் பார்த்தால், அடியில் அவர் இன்னும் வேட்டி கட்டிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும்.

கருமம் முடிந்து, அடுத்த கடலை பிடுங்கும் காலத்தில் நைனா நடந்து வந்தார். வெள்ளைக்காரன் பிடித்துச் சிறையில் வைத்திருந்து, பட்டணத்தில் விட்டிருக்கிறான். புத்தூரில் ரயில் இறங்கி நடந்திருக்கிறார். கொல்லை ஓரத்தில் எலும்பும் தோலுமாக ஒரு ஆள் பத்தடி நடந்து, நின்று, பத்தடி நடந்து வந்தது. பெண்கள் செடியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அம்மா ஓடவில்லை. கையில் இருந்த செடியின் மண்ணை உதறிக்கொண்டே இருந்தாள். கடலை ஒன்றொன்றாகக் கீழே உதிர்ந்தது.

அத்தைதான் முதலில் பேசினாள். நைனாவுக்கு அக்கா. "டேய், காலு தரையில படுதாடா?"

"படுதுக்கா. கொப்புளமே வந்திருக்குது."

"அப்ப மனுஷன்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

ஆனால் அவரை வீட்டுக்குள் விடவில்லை. கருமம் முடிந்தவர் வாசற்படி மிதிக்கக் கூடாது. மூன்று நாள் மாட்டுக் கொட்டகையில் இருந்தார். புரோகிதரை வரவழைத்தார்கள். அவர் சொன்னார்: செத்தது செத்ததுதான். மறுபடி பிறக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்குப் புதுப்பெயர் வைக்க வேண்டும். அப்புறம் அதே பெண்ணுக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். அதன் பிறகுதான் வீடு.

களத்தில் நெல் அவிக்கிற பெரிய அண்டாவை உருட்டி வந்து, வெந்நீரும் பாலும் ஊற்றினார்கள். பொழுது புலர்கிற நேரம். பனி இறங்கியிருந்தது. அண்டாவிலிருந்து ஆவி எழுந்து பனியோடு கலந்தது. நைனா உள்ளே முழங்காலை மடக்கி, கையை இறுக மூடி உட்கார்ந்தார். பேசக் கூடாது. மருத்துவச்சி வந்தாள். நைனாவைப் பிள்ளையாகப் பிடித்த அதே கிழவி. அவர் தலையைத் தொட்டுப் பார்த்து, "போன தடவை இவ்ளோ மீசை இல்ல" என்றாள். களமே சிரித்தது. அண்டாவுக்குள் நைனாவும் சிரித்தார்.

"சிரிக்கற புள்ளைய நான் பாத்ததில்ல. அழுடா" என்று முதுகில் ஒன்று வைத்தாள் மருத்துவச்சி.

"அழுவலன்னா பொறந்ததா ஆவாது, தண்ணி ஆறிப்போவுது, சீக்கிரம் அழு" என்றாள் அத்தை.

நைனா விளையாட்டுக்கு உதட்டைப் பிதுக்கினார். ங்கா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தச் சத்தம் நிற்கவில்லை. அது வேறு சத்தமாக மாறியது. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பால் கலந்த தண்ணீர் வழிய வழிய, அவர் ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். படையில் சேர்ந்த நாளிலிருந்து அதுவரை அவர் அழவில்லை என்று பிற்பாடு சொன்னார். அழுதபடியே சட்டையைப் பற்றிச் சொன்னார், ஆற்றைப் பற்றிச் சொன்னார். "எனக்குப் புல்லை வெச்சிக் கொளுத்தினீங்க. அவனுக்கு யாரு கொளுத்துவா?" என்று கேட்டார்.

வெளியே தூக்கி, துணியில் சுற்றி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். புரோகிதர், பிள்ளைக்கு என்ன பெயர் என்றார். தாத்தா பெயரை வைக்கலாம் என்று அத்தை வாயெடுத்தாள். பிறந்த பிள்ளையே பதில் சொன்னது. மச்சான் பெயரைச் சொன்னார். காதில் மூன்று முறை அந்தப் பெயரையே ஓதினார்கள்.

அன்றைக்கே கல்யாணம். மஞ்சள் அரிசித் தட்டை நான் தூக்கிக்கொண்டு நின்றேன். தன் தாய் தகப்பன் கல்யாணத்தில் அட்சதை போட்டவள் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்திதான். அம்மா காதில் போய்க் கேட்டேன்.

"நம்ம நைனா புல்லுதானே? இந்த ஆளை இன்னாத்துக்குக் கட்டிக்கற?"

"வேற ஆளு வரல கண்ணு" என்றாள் அம்மா, தலையைக் குனிந்தபடியே. அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் நைனா அந்தப் பெயரில்தான் வாழ்ந்தார். பட்டா, ரேஷன் கார்டு, என் கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் மச்சான் பெயர்தான். அம்மாவுக்கு ஒரு சிரமமும் இல்லை. அவள் புருஷன் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னவள் இல்லை. பழைய பெயரை யாராவது கூப்பிட்டால் நைனா திரும்ப மாட்டார். வருஷா வருஷம், புல்லைக் கொளுத்திய திதியன்று, குளித்துவிட்டு எள்ளும் தண்ணீரும் விடுவார். "யாருக்கு நைனா?" என்று கேட்டேன் ஒருமுறை. "சட்டை போட்டுக்கினு போனவனுக்கு" என்றார். அவருக்குப் பிறகு தம்பி விட்டான். இப்போது என் மகன் விடுகிறான்.

அதனால்தான், அந்தத் திருப்பதிக்காரர் போன பிறகு, பெரிய மகனிடம் கேட்டேன். "வருஷா வருஷம் நீ யாருக்குடா எள்ளுத் தண்ணி விடற?"

"தாத்தாவோட மச்சானுக்கு."

"அப்ப கல்லுல யாரு பேரு இருக்கணும்?"

"நம்ம வீட்டுப் பேரு போயிடும்மா" என்றான்.

"எங்கடா போவும்? என் கல்யாணப் பத்திரிகையில இன்னார் மகள்னு எந்தப் பேரு போட்டிருக்குதோ, அதேதானே கல்லுல வரப் போவுது."

அவன் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, எழுதினதும் நானே திருப்பதிக்கு எடுத்துக்கினு போறேன் என்றான்.

பேத்தியை விட்டு அந்தத் திருப்பதிக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். மச்சான் பெயர் அவர் பட்டியலில் எங்கேயும் இல்லையாம். கடைசியில் சேர்ந்தவர்களின் காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லையாம். ஐயா, உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். பட்டியலில் என் நைனா பெயரை அடித்துவிடுங்கள். அவர் பிழைத்து வந்து, உழுது, எனக்கு ஒரு தம்பியையும் கொடுத்து, கட்டிலில் படுத்துச் செத்தார். ஒருதரம் நாங்கள் அவரை உயிரோடு கொளுத்தினோம். இரண்டாம் தரம் வேண்டாம். அந்த இடத்தில், ஆற்றோடு போனவர் பெயரை வெட்டுங்கள். ஊர் தெரியாவிட்டால் எங்கள் ஊரையே போடுங்கள். நாற்பது வருஷம் அந்தப் பெயர் இங்கேதான் இருந்தது.

அம்மா போலத்தான் நானும். பெரியவர்கள் பெயரை எழுத்தில் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பெயரையும் தனிச் சீட்டில் எழுதி, எதை அடிக்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று கோடு போட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

என் பேத்திக் கண்ணு, இங்கே வந்து உட்கார். உன் ஆயா எழுத்து கோணல்தான், சிரிக்காதே. முதலில் அந்தச் சீட்டைப் பிரித்து, வெட்ட வேண்டிய பெயரை ஒருதரம் சத்தமாகப் படி. அது சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் மேலே இருந்து, மெதுவாக, எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டு.