இரண்டு பங்கு அழுக்கு

பிப்ரவரி 4: தூள் 2.10 கிராம். கனசதுரம்.
பிப்ரவரி 11: 2.08 கிராம். கனசதுரம்.
மே 6: 2.11 கிராம். உருண்டை.
மே 9: 2.10 கிராம். உருண்டை.
மே 12: 2.10 கிராம். உருண்டை.

எதையும் மூன்று முறை நிறுக்காமல் கீழே வைக்கமாட்டாள் என்பதால், இந்தக் குறிப்பேட்டை எழுதியவளுக்கு ஆய்வகத்தில் தராசு அக்கா என்று பெயர். தங்கமும் வெள்ளியும் கலந்த துகளை, கண்ணுக்குத் தெரியாத பகடைக்காய்களாக வளர்ப்பாள். பிறகு அமிலத்தில் வெள்ளியை மட்டும் கரைத்தெடுப்பாள். மிஞ்சும் தங்கம் கடற்பஞ்சு போலத் துளைத்துளையாக நிற்கும்.

அந்த முறை ஆய்விதழில் கட்டுரையாக அச்சேறியது. மே 4 அன்று வேறோர் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது: "நான்கு முறை செய்தோம். உருண்டைதான் வருகிறது. உங்கள் எண்கள் உண்மைதானா?" பதில் சொல்ல முப்பது நாள் கெடு. சொல்லாவிட்டால் கட்டுரை போய்விடும். எண்களை எழுதிய அக்காவுக்குப் பொய்க்காரி என்ற பட்டம் நிலைத்துவிடும்.

அவள் கையாலேயே திரும்பச் செய்தாலும் உருண்டைதான்.

"அக்கா, கோலிக்குண்டு கடை வைக்கலாம் போலிருக்கே!" என்றாள் நுண்ணோக்கிக்காரி.

"வாயை மூடிக்கிட்டு அடுத்ததை வைடி."

காலையில் பேருந்து ஓட்டக் கிளம்பிய கணவர் வாசலில் நின்றார். "பொய் எழுதுனியா?"

"உங்க தலைமேல சத்தியமா இல்லைங்க."

"முடியே இல்லாத தலை, அதுமேல சத்தியம் வேற! அப்புறம் எதுக்குப் பயப்படுற?"

அன்று ஆய்வக அலமாரியையே கீழே இறக்கினாள். அமிலம் பழையது. தங்க உப்பும் பழையதே. துகளுக்கு வடிவம் தரும் சோப்புத்தூள் மட்டும் புதிது. ஆய்வகத் தலைவர் சொல்லி ஏப்ரலில் வாங்கிய சுத்தமான சரக்கு. தீர்ந்துபோன மட்டச் சரக்கின் சான்றிதழைத் தேடி எடுத்தாள். அதில் கலந்திருந்த அழுக்கு: அயோடைடு என்ற உப்பு, பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. அதே அளவை நிறுத்துப் புதுத்தூளில் போட்டாள்.

கனசதுரம்.

தலைவர் முகம் சுண்டியது. கட்டுரையில் 'மிகத் தூய தூள்' என்று எழுதியவர் அவர்தான். "அழுக்கால வந்துச்சுன்னு எழுதினா மானம் போயிடும்மா. கிளறின வேகம் மாறிடுச்சுன்னு எழுதிடலாம்."

"ஐயா, வேகம் என் குறிப்பேட்டுல எட்டாம் பக்கத்துல இருக்கு. ஒரு சுத்துகூட மாறல."

"உன் பேரைக் காப்பாத்தத்தானே சொல்றேன்!"

"என் பேரே அந்தப் பக்கம்தான்யா."

பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தவர், கடைசியில் அழுக்கைச் சொன்ன பதிலிலேயே கையெழுத்திட்டார். பதில் மே 22 அன்று போனது.

அதன்பின் தபால் அறையைத் தாண்டும்போதெல்லாம் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தலைவர் அவளோடு பேசுவதையே விட்டிருந்தார். கெடுவும் முடிந்தது.

"நீங்கள் சொன்ன அழுக்கைச் சேர்த்தோம். கனசதுரங்கள் கிடைத்தன. ஐயத்தைத் திரும்பப் பெறுகிறோம்." அந்த ஆய்வகத்தின் கடைசிக் கடிதம் வந்தது ஜூன் 11 அன்று.