இருவர் போட்ட கணக்கு

குப்பியிலிருக்கும் வெள்ளைத் தூளில் தண்ணீரை ஏற்றியதும், அதை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டுவது என் தோழியின் வழக்கம். குலுக்கினால் நுரைத்துவிடும் என்பாள். அன்று காலை அவள் தண்ணீரே ஏற்றவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய குழந்தைகள் மருத்துவமனையில் நாங்கள் இருவரும் செவிலியர்கள். ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவர்கள். எதிரே ஒரு கைக்குழந்தை காய்ச்சலில் துவண்டு கிடந்தது. இருநூற்றைம்பது மில்லிகிராம் மருந்து போடச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்களுக்குக் கைப்பழக்கமான கணக்கு அது. கலக்கிய மருந்தில் ஒரு மில்லிக்கு நூறு மில்லிகிராம் இருக்கும். இரண்டரை மில்லி எடுத்தால் போதும். ஆனால் அன்று வழக்கமான மருந்து கிடைக்காமல் வேறு கம்பெனி மருந்து வந்திருந்தது. அதே அளவுக் குப்பி, அதே நீல மூடி.

குழந்தையின் தாத்தா, ஊரில் ஜரிகை வியாபாரம் செய்யும் பாய், பொறுமை இழந்துவிட்டார். "இன்னாம்மா இது! குழந்தை நெருப்பா கொதிச்சுக்கினு இருக்குது, நீ குப்பியப் பாத்துக்கினு நிக்கிறே?"

"கோச்சுக்காதீங்க பாய். மருந்து மாறி வந்துருக்குது. எவ்ளோ எடுக்கணும்னு தெரியாம நான் குழந்தைக்கு ஏத்த மாட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. என் பக்கம் திரும்பி, "நீயும் தனியா கணக்கு போட்டுப் பாருப்பா. என் விடைய இப்ப சொல்ல மாட்டேன்" என்றாள்.

லேபிளைப் படித்தேன். உள்ளே இருந்தது இரண்டு மடங்கு தூள், ஆயிரம் மில்லிகிராம். அதில் சொல்லியிருந்த அளவு தண்ணீர் சேர்த்தால், தூள் பிடிக்கும் இடத்தோடு மொத்தம் ஐந்து மில்லி. அப்படியானால் ஒரு மில்லிக்கு இருநூறு.

"ஒண்ணேகால் மில்லி," என்றேன்.

"எனக்கும் அதான்."

டாக்டரிடமும் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மருந்தைக் கலந்தாள். பழக்கத்தில் இரண்டரை மில்லி எடுத்திருந்தால், அந்தச் சின்ன உடம்பில் இரண்டு மடங்கு மருந்து இறங்கியிருக்கும். ஊசி போட்டபின் அதை அவள் பாயிடம் விளக்கினாள். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தை தேறியது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பாய் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். "கோவத்துல கத்திட்டேம்மா. இவ தலையில கை வெச்சு அனுப்பு" என்றார். அவள் கை வைத்தபோது எனக்குத்தான் கண் நிறைந்தது.

இப்போது எங்கள் வார்டில் எந்தத் தூள் மருந்தானாலும் இருவர் தனித்தனியே கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போன பிறகே ஊசியில் ஏறும். உத்தரவு போட்டவர் டாக்டர்; தொடங்கிவைத்தவள் என் தோழி. அவளுடைய விடையோடு முதலில் ஒத்துப்போனது என் விடை என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம்தான்.