மாமா அடித்த பில்லியர்ட்ஸ் அட்டைகள்

அன்றைக்கு எங்கள் வீட்டில் பயப்படாத ஒரே ஆள் நான்தான். அதற்குக் காரணம் தைரியம் இல்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் அப்பா ஓர் அச்சாபீஸ் வைத்திருந்தார். வீட்டின் முன்பாதி அச்சாபீஸ், பின்பாதியில் நாங்கள். குழம்பில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று அம்மா புலம்பாத நாள் கிடையாது. எழுத்துக் கோப்பது, டிரெடில் மெஷினை மிதிப்பது, மிதித்துக்கொண்டே அதைத் திட்டுவது எல்லாம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அப்பா வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். மாமாவோ மெஷின் சத்தத்துக்கு மேல் பாட்டுப் பாடுவார், எனக்கு மிச்ச அட்டையில் காற்றாடி செய்து கொடுப்பார், யார் திட்டினாலும் சிரிப்பார். எனக்கு மாமாவைத்தான் பிடிக்கும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மாமாவுக்கு ஒரு பழைய கதை இருந்தது. எங்களிடம் வருவதற்கு முன்னால் மதுரையில் ஓர் அச்சாபீஸில் இருந்தார். சினிமாக் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தை, வேறொருவர் போட்டதை, அப்படியே பார்த்து அங்கே அடித்துவிட்டார்கள். முதலாளி நழுவிவிட்டார், மெஷின் மிதித்த மாமா மாட்டிக்கொண்டார். எங்கள் ஊர் வக்கீல் ஐயாதான் போய் அவரைப் போலீஸிடமிருந்து மீட்டு வந்தார். மீட்டு வந்தவர் சும்மா விடவில்லை. முற்றத்தில் நிற்கவைத்து, இன்னொரு தடவை அடுத்தவன் பொருளைக் கேட்காமல் அச்சடித்தாய் என்று காதில் விழுந்தால் நானே உன்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னால் செய்கிறவர். சொந்த மருமகன் மேலேயே கேஸ் போட்டவர் என்று ஊரில் பேச்சு உண்டு.

அந்த வக்கீல் ஐயாதான் கிளப்புக்குச் செயலாளர். கிளப்பில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை கிடந்தது. வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டில் ஆசைப்பட்டு வாங்கி, ஆட ஆளில்லாமல் பண்டபாத்திரம் அடுக்கி வைத்திருந்து, கடைசியில் கிளப்புக்குக் கொடுத்துவிட்ட மேஜை. அதோடு ஓர் அட்டைக்கட்டும் வந்து சேர்ந்தது. ஒவ்வோர் அட்டையிலும் மேஜையின் படம் இருக்கும். எந்தப் பந்தை எங்கே வைக்க வேண்டும், குச்சியால் எப்படித் தட்டினால் பந்து எந்த ஓரத்தில் பட்டு எங்குட்டுத் திரும்பும் என்று கோடு போட்டுக் காட்டியிருக்கும். அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிறபடி பந்தை வைத்துப் பழகிக்கொள்ளலாம், சொல்லித்தர வாத்தியார் வேண்டாம். திருச்சிப் பொன்மலை ரயில்வேயில் இருந்த ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம், தானே படம் வரைந்து எப்போதோ போட்டது. அவர் போய்ச் சேர்ந்து வருசங்கள் ஆகிவிட்டன. அட்டையும் எங்கேயும் விலைக்குக் கிடைக்கவில்லை. இருந்த ஒரே அட்டைக்கட்டையும் பூச்சி பாதி, பழகுகிறவர்களின் கைவேர்வை பாதி என்று தின்றுகொண்டிருந்தன.

திருச்சி ரயில்வே ஆட்கள் காரைக்குடிக்கு வந்து நம் ஆட்களோடு ஆடுவதாக ஏற்பாடானது. அதற்குள் அட்டையை மறுபடி அச்சடித்து ஆளுக்கொரு கட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று வக்கீல் ஐயா அப்பாவிடம் வந்தார். வந்த வேகத்தில் ஒரு கண்டிஷனும் போட்டார்.

"அட்டை போட்டவரு சம்சாரம் பொன்மலையிலதான் இருக்காக. அவுக சரின்னு சொல்லாம ஒரு அட்டை மெஷின்ல ஏறக் கூடாது. வர்றவுக பூராம் அந்த மனுசனோட ஆடிப் பழகுனவுக. நம்மளத் திருட்டுப்பயலுகன்னு நெனச்சுட்டா அசிங்கம்."

அப்பாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. படங்களுக்கான பிளாக்குகளை, அதாவது அச்சுக்கட்டைகளை மட்டும் மதுரையில் செய்து வாங்கி வைத்துக்கொண்டார். கோடுகளுக்கு ஒரு பிளாக், சிவப்புப் பந்துக்குத் தனியாக இன்னொன்று. அவற்றை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு பள்ளிக்கூட விடுமுறை நாளில், பழைய அட்டை ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு காலை ரயிலுக்குக் கிளம்பினார். நான் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம், கையை வச்சுராத மாப்ளே என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ரயில் கோட்டையூரைக்கூடத் தாண்டியிருக்காது. மாமா அலமாரியைத் திறந்துவிட்டார்.

அவரைக் கரித்துக்கொட்ட எனக்கு இப்போதும் மனசு வரவில்லை. அவர் யோசனை அவருக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. முதலில் கறுப்பு அடிக்க வேண்டும், அது காய வேண்டும், பிறகு சிவப்பு, அதுவும் காய வேண்டும். ஆட்டத்துக்கு நாளோ நெருங்கிவிட்டது. செத்துப்போன புருசன் பேரை மறுபடி அச்சில் பார்க்க எந்தப் பொம்பிளை வேண்டாம் என்பாள்? ராத்திரி அத்தான் சம்மதத்தோடு வந்து இறங்கும்போது அட்டையெல்லாம் அடித்து அடுக்கியிருந்தால் மெச்சுவார். மாமாவை அந்த வீட்டில் அதுவரை யாரும் மெச்சியதில்லை.

சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அடப்பாவி! அவுக என்ன சொல்லிட்டுப் போனாக, நீ என்னடா செய்யிற? வக்கீலய்யா காதுக்குப் போச்சு, ஒன்னய உள்ள தள்ளிருவாகடா!"

"போக்கா அங்குட்டு" என்றார் மாமா, மிதிப்பதை நிறுத்தாமல்.

நான் பயந்து மாமாவைப் பார்த்தேன். அவர் ஓர் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். அந்தச் சட்டைக்காரர் பெயரும் அதற்கு முன்னால் ஒரு வார்த்தையும். அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன். விரல் வைத்து இழுத்து இழுத்துப் படித்தேன். காப்பி. ரைட்டு.

"பாத்தியா தாயி? பஸ்ஸுல கண்டக்டர் ரைட்டுன்னா என்ன அர்த்தம்? போகலாம்னு அர்த்தம். காப்பி ரைட்டுன்னா? காப்பி அடிக்கலாம்னு அந்தத் தொரையே கைப்பட போட்டுருக்காரு. இந்த அக்காவுக்குப் படிப்பு ஏது?"

எனக்குக் கண் திறந்துவிட்டது. எங்கள் வகுப்பில் காப்பி அடித்தால் முட்டியைப் பெயர்த்துவிடுவார்கள். இப்படியும் ஒரு தங்கமான மனுசன் இருந்திருக்கிறாரே என்று அந்தச் சட்டைக்காரர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. அதோடு என் பயம் போயிற்று. மாமா என்னைச் சமாளிப்பதற்காகச் சொன்ன கதை அது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

அம்மாவுக்குப் பயம் போகவில்லை. தெருக்கதவைச் சாத்தினாள். எட்டிப் பார்த்தாள். மறுபடி சாத்தினாள். பாழாய்ப் போறவனே, குடி கெடுத்தவனே என்று வைதுகொண்டே, மாமா அடித்துப் போட்ட அட்டைகளை வாங்கிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். மத்தியானச் சாப்பாடு யாருக்கும் நினைவில்லை. சிவப்பு ஏற ஏற அட்டைகளுக்கு உயிர் வந்தது. ஒரு பந்துகூடக் கோட்டை விட்டு விலகவில்லை. நான் கொடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, மாமா, மாமா என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் மேலெல்லாம் வேர்வை, கையெல்லாம் சிவப்பு.

கடைசி அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. ராத்திரி வர வேண்டிய அப்பா வெயில் தாழுமுன்பே வந்து நின்றார்.

செருப்போடு உள்ளே வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை. கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பார்த்தார். மாமா சிரிக்க முயன்றார். அத்தான், முடிச்சிட்டேன், சரின்னாகல்ல என்று கேட்டார்.

"வீடு பூட்டிக் கெடக்கு. மக ஊருக்குப் போயிருக்காகளாம். எப்ப வருவாகன்னு தெரியாது."

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். மாமாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அப்பா கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் கத்தவில்லை. கொடியில் கையை வைத்து அட்டைகளை எடுக்கப் போனார், மை ஈரமாக இருந்ததால் எடுக்க முடியவில்லை. அந்த நேரம் தெருவில் கார் ஹாரன் கேட்டது. வக்கீல் ஐயா கார். அந்த ஹாரனை ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்பா மாமாவைப் பிடித்துப் பின்பக்கம் தள்ளினார். "கெணத்தடிக்குப் போ. கையக் கழுவு. கூப்புடாம வராத" என்றார். பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் என்னால் அன்றைக்குத் தாங்க முடியவில்லை. மெஷினிடம் போனார், சட்டைக் கையைச் சுருட்டினார், சிவப்பு மையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தேய்த்து, முழங்கை வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

வக்கீல் ஐயா உள்ளே வந்தார், கொடியைப் பார்த்தார், முகம் மலர்ந்துபோயிற்று.

"அடேயப்பா! என்ன சுத்தம், என்ன சுத்தம்! சம்மதம் கெடச்சிருச்சா? அச்சாபீஸ்காரரே, யாரு அடிச்சது இத?"

"நான்தான்யா" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பொய் சொன்னால் எனக்குப் பிரம்படி கொடுக்கிற அப்பா! காலையிலிருந்து பட்டினி கிடந்து மிதித்தவர் கிணற்றடியில் கிடக்க, ரயிலில் உட்கார்ந்து போய்விட்டு வந்தவர் கையில் மையைப் பூசிக்கொண்டு பாராட்டு வாங்குகிறார். அப்பா அதற்குப் பிறகு சொன்னதை நான் அரைகுறையாகத்தான் கேட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது, நாள் நெருங்கிவிட்டதே என்று கேட்காமலே அடித்துவிட்டேன், தப்புத்தான் என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வக்கீல் ஐயாவின் முகம் மாறிவிட்டது. கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்து பழகிய மனுசர். அப்பாவின் கையைப் பார்த்தார், காலில் செருப்பைப் பார்த்தார். ஒங்க மச்சினன் எங்க என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கான் என்றார் அப்பா. இது இரண்டாவது பொய். வக்கீல் ஐயா சட்டென்று என் பக்கம் திரும்பிக் குனிந்தார்.

"ஏந்தாயி, அப்பாவா அடிச்சாக?"

நான் வாயைத் திறந்தேன். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பின்னால் இருந்து அம்மா என் சடையைப் பிடித்து இழுத்தாள் பாருங்கள், மயிர்க்கால் ஒவ்வொன்றும் கத்தியது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். பிள்ளை பயந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் நிமிர்ந்துவிட்டார். கொடிப் பக்கம் திரும்பினார். கொடியில் அட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

"காஞ்சதும் ஒண்ணு விடாமக் கட்டி எங்க வீட்டுக்கு அனுப்பிருங்க. அந்தம்மா சரின்னு எழுதிக் குடுக்கிறவரைக்கும் பீரோவ விட்டு வெளியே வராது. ஒங்கள நாணயமான ஆளுன்னு நெனச்சேன். இனி கிளப்பு வேலை இங்குட்டு வராது."

கார் போய்விட்டது. அப்பா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அப்பா மறுபடி பொன்மலைக்குப் போனார். அந்தம்மா திரும்பி வந்திருந்தார்கள். அடித்துவிட்டதை அப்பா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தம்மா திட்டவில்லை. வீட்டில் ஒரு அட்டைகூட இல்லாமல் போய்விட்டது, எனக்கு ஒரு கட்டு வேண்டும் என்று மட்டும் கேட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அட்டைகள் பீரோவிலிருந்து வெளியே வந்தன. ரயில்வே ஆட்கள் வந்து ஆடி ஜெயித்துவிட்டும் போனார்கள். ஆனால் கிளப்பு வேலை எங்களுக்கு வரவே இல்லை, அதைப் பார்த்து வேறு சில பெரிய வீடுகளும் நின்றுவிட்டன. கேட்காமல் அடிக்கிற அச்சாபீஸ் என்ற பேர் அப்பாவுக்கு நிலைத்துவிட்டது. அவர் அதை யாரிடமும் மறுத்து நான் கேட்டதில்லை. இதையெல்லாம் கோத்துப் பார்க்கிற வயசு எனக்கு வர ரொம்ப நாள் பிடித்தது.

அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா அடித்ததை அப்பா தன் பேரில் போட்டுக்கொண்டார், அம்மாவும் அதற்கு உடந்தை என்பதுதான். பின்பக்கம் போனேன். மாமா கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். எப்போதும் சிரிக்கிற மாமா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு அழகான வேலையைப் பறிகொடுத்தால் யாருக்குத்தான் அழுகை வராது? அவர் தோளைத் தொட்டேன்.

"அழாதீக மாமா. நாளைக்கு நானே வக்கீலய்யா வீட்டுக்குப் போயி, அப்பா அடிக்கல, எங்க மாமாதான் அடிச்சாகன்னு சொல்லிட்டு வாரேன்."

மாமா துள்ளி எழுந்து என் வாயைப் பொத்தினார். விடவே இல்லை. எனக்கு மூச்சு முட்டியது, கோபம் கோபமாக வந்தது. நியாயத்தைச் சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன், என்னையும் இந்த மனுசன் ஏன் இப்படி அமுக்குகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.