மூக்கு திரும்பும் வரை

பால் அடிபிடித்துவிட்டது. இன்று காலை, ஜன்னலோரம் நின்று வேலியில் உட்கார்ந்திருந்த கரிச்சானைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். முதலில் இனிப்பாக ஒரு வாசனை, வெல்லம் உருகுவதுபோல. அதன் முதுகிலேயே ஏறி வரும் கசப்பு. அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன். அந்தப் பாத்திரத்தின் அடியில் ஏற்கெனவே ஒரு கறுப்பு வட்டம் உண்டு. வீட்டில் தேங்காய்நார் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை. அதற்கு மேல் தேய்க்க நான் விடவில்லை. நோய்க்காலத்து மார்கழிக் காலை ஒன்றில் பட்ட கறுப்பு அது. அன்றுதான் என் வீட்டு மாடி காலியானது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இன்றைக்கும், ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

மாடியில் இருந்தவர்கள் ஒரு முசேயும் ஒரு மதாமும். பிரான்சிலிருந்து வந்து தங்குகிற ஆணையும் பெண்ணையும் காரைக்காலில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். முசே இந்த ஊரில் பிறந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பாவோடு சின்ன வயதில் கப்பலேறிப் போனவர். அங்கே ரயில் ஓட்டி ஓய்வுபெற்று, மனைவியோடு திரும்பியிருந்தார். அவரோடு கப்பலேறிய தமிழ் அந்த வயதிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் அவருக்கு ‘நீ’தான். சோதனைச்சாவடிப் போலீஸ்காரரும் ‘நீ’. மதாம் அசல் வெள்ளைக்காரி. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுள் முழுக்க அண்டா அண்டாவாகச் சமைத்தவர். புருஷனிடம் தமிழ் கற்றதால் அவருக்கும் அதே குழந்தைத் தமிழ். தெருவில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இங்கேயே இருந்துவிடலாம் என்று முதலில் சொன்னது மதாம்தான். அது மூக்கால் எடுத்த முடிவு. வந்த அன்று பேருந்தை விட்டு இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாராம். மீன், மல்லி, சாக்கடை, எங்கோ வறுபடும் மிளகாய், மழைக்கு முந்தைய மண். மூடிய கண்ணோடு அந்த ஊருக்குள் நடந்து போய்விடலாம்போல இருந்தது என்பார். முசேவுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பூரிப்பு. தான் பிறந்த ஊரைத் தானே சமைத்துப் பரிமாறியதுபோல உட்கார்ந்திருப்பார்.

பிறகு ஊரடங்கு. எங்கள் ஊருக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். எல்லையே தெரியாமல் போய்வந்துகொண்டிருந்த சாலைகளில் தடுப்புக் கட்டைகள் முளைத்தன. ஆடியில் மாடிக்குக் காய்ச்சல் வந்தது. வாளியில் கஞ்சியை வைத்தால் முசே கயிற்றால் இழுத்துக்கொள்வார். இருவரும் தேறிவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்த ஒரு காலையில், மேலிருந்து வெங்காயம் கருகும் நெடி இறங்கியது. ஏறிப் போய்ப் பார்த்தேன். மதாம் ஏதோ பாட்டை முனகியபடி கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். அடுப்பில் கரித்துண்டுகள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவரின் மூக்குக்கு நெடி எதுவும் எட்டவில்லை.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் வைத்துத் தன் புருஷனிடம் தன் முடிவைச் சொன்னார். பிரெஞ்சில் சொல்லியிருக்கலாம். நான் சாட்சியாக இருக்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னார்.

"மூக்கு வந்தா, நான் இங்க. வரலன்னா, பிரான்ஸ்ல மக வீடு. நீயும் வரணும்."

விமானம் மறுபடி பறக்கும் வரை தவணை. முசே தலையை ஆட்டினார். பந்தயத்தில் எதையோ வைத்துவிட்ட சிறுபிள்ளை முகம்.

வலுவான வாசனைகளைத் தினமும் முகர்ந்து பழக்கச் சொல்லி மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். சாலைகள் கொஞ்சம் திறந்ததும் கிளம்பிவிட்டோம். அவர்கள் இரண்டு சைக்கிளில் முன்னால், நான் என் மொபெட்டில் பின்னால் உருட்டிக்கொண்டு. அந்தக் காலைகள் இப்போது எனக்கு நடந்தவைபோல இல்லை, யாரோ தூக்கத்தில் சொன்னவைபோல இருக்கின்றன. பேருந்து ஓடாத நெடுஞ்சாலையின் நடுவில் மயில் நின்றது. வாய்க்கால் நீர் வானத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் போனது. முகக்கவசம் போட்ட இரண்டு வயோதிகர்கள், வாசனை தேடி, ஒருவர் பின் ஒருவராக மிதித்துக்கொண்டே போனார்கள்.

திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் வலைமேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காற்று அப்படியே உப்புக் கரித்துக் கிடந்தது. கருவாட்டுக்கார அம்மாளிடம் முசே விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சிரித்தாள். "என் கருவாட்டுக்கே முழிக்காத மூக்கு, மருந்துக்கா முழிக்கப் போவுது?" கூடையில் இருந்ததிலேயே பெரிய வாளையை எடுத்து மதாமின் மூக்கருகே நீட்டினாள். மதாம் கண்ணை மூடி நீளமாக இழுத்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார், இல்லை என்று. அந்த அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. வாளையைத் தாளில் சுற்றிக் கையில் திணித்து, வாசம் வந்த அன்றைக்கு வறுத்துத் தின்னுங்க என்றாள். அந்தப் பொட்டலம் மாடியில் ஓர் ஆணியில் நாள்கணக்காகத் தொங்கியது. தெருப்பூனை அத்தனையும் படியேறி வந்தது. பூனைக்கெல்லாம் மூக்கு இருக்கிறது என்றார் மதாம்.

என்ன வாசனை என்று அவருக்குச் சொல்வது என் வேலையாகிவிட்டது. கருவாட்டை, சமுத்திரத்தையே வெயிலில் காயப்போட்டதுபோல என்று ஆரம்பித்தேன். அது பொய், சமையல்போலச் சொல் என்றார். உப்பு முதலில், பிறகு பழைய தோல்செருப்பு, கடைசியில் லேசாக ஒரு நெய் என்று திருத்திச் சொன்னேன். நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்து தலையசைத்தார்.

பட்டினத்தின் உள்தெருவில், வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த ஓர் அத்தர் கடைக்காரர் எங்களுக்காக ஷட்டரைப் பாதி தூக்கினார். குனிந்து உள்ளே போனோம். மதாமின் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தார். அரையிருட்டில் அந்தக் கை வெளிர்ந்து மிதந்தது. வெகுநேரம் முகர்ந்தார் மதாம். கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை.

"மூக்கு அமானிதங்க," என்றார் கடைசியில். நம்பி ஒப்படைத்த பொருளை முஸ்லிம்கள் அப்படிச் சொல்வார்கள். "குடுத்தவன் வாங்கி வச்சிருக்கான். திருப்பிக் குடுப்பான்."

"எப்போ?" என்று கேட்டார் முசே.

"அதை நான் கேட்டா கோவிச்சுக்குவான். நீங்களே கேட்டுப் பாருங்க."

புரட்டாசியில் விழிதியூர் கிராமத்துக்குப் போனோம். குறுவை அறுத்துக் களத்தில் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டின் கொல்லையில் அண்டாவில் நெல் அவிந்துகொண்டிருந்தது. ஆவி படுகிற இடமாகப் பார்த்து மதாமை நிறுத்தினாள் அந்த வீட்டுக்காரி. மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போயிற்று. உருவம் பாதி மறைந்தது. வெந்த உமியின் அந்த இளஞ்சூட்டு வாசனை தூக்கத்தை அழைத்து வரும் வாசனை. நானே கிறங்கி நின்றேன். ஆவிக்குள்ளிருந்து மதாமின் குரல் கேட்டது, ஏதோ இருக்கிறது என்று. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதுபோல. முசே வழியெல்லாம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார்.

கதவு திறந்தது. ஆனால் வந்தது வேறு யாரோ. மல்லிகை டயர் எரிவதாக இருந்தது அவருக்கு. காபியில் மயிர் பொசுங்கியது. ஒரு மத்தியானம், தீ, தீ என்று மதாம் படியில் இறங்கி ஓடிவந்தார். கேஸ் சிலிண்டரைப் பார்த்தேன், மின்பெட்டியைப் பார்த்தேன், கொல்லையைச் சுற்றி வந்தேன். எங்கும் ஒன்றும் இல்லை. வெயில் மட்டும் கிடந்தது. மதாம் படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். மேற்படியில் முசே நின்றிருந்தார். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அவ்வளவு வயதை அவர் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப்பின் வாசனை தேடிப் போவது நின்றுவிட்டது. கார்த்திகை மழை ஓய்வதற்குள் பயணச்சீட்டு வந்துவிட்டது.

போவதற்கு முன்தினம் முசே என்னை அரசலாறு கடலில் சேருமிடத்துக்குக் கூட்டிப்போனார். ஆற்றுநீர் கலங்கல், கடல்நீர் பச்சை. நடுவில் எதுவுமில்லாத ஒரு கோடு அசைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அங்க எனக்கு யாரும் இல்ல தம்பி. மக இருக்கா, அவ வேல அவளுக்கு. இங்கயும் யாரும் இல்ல. ஆனா இங்க, இல்லாதவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும்."

மதாமிடம் இன்னும் கொஞ்ச நாள் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். பேசினது பேசினதுதான் என்றார். ரயில்காரர், கொடி காட்டியாகிவிட்டது.

மறுநாள் விடியலில் தெரு முழுக்கப் பனி. சென்னைக்குப் போகிற கார் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகட்டும் என்று பாலை அடுப்பில் வைத்தேன். அதற்குள் பெட்டி ஒன்று படியில் சிக்கிக்கொண்டது, தூக்கப் போனேன். பிறகு ஓட்டுநர் நேரமாகிவிட்டது என்றார். காபி எல்லோருக்கும் மறந்துபோயிற்று. கைகுலுக்கக் கூடாத காலம், ஆளுக்கொரு கும்பிடு. வாளைப் பொட்டலத்தை மதாம் என் கையில் கொடுத்தார், வறுக்காமலே. முசே மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார் நகர்ந்தது. நின்றது. பின்கண்ணாடி இறங்கியது. மதாம் முகக்கவசத்தை மெல்லக் கீழே இழுத்து, பனிக்குள் முகத்தை நீட்டினார். கண்கள் மூடியிருந்தன. எனக்கு டீசல் புகை தவிர வேறெதுவும் எட்டவில்லை. முசே பதறி, என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். மறுபடியும் அந்தப் படிக்கட்டு மத்தியானமோ என்கிற பயம் அவர் கண்ணில் தெரிந்தது. மதாம் ஒரு விரலை உயர்த்தி அவரை நிறுத்தினார். இன்னொருமுறை காற்றை இழுத்தார், அண்டா முன்னால் நின்ற காலத்தில் இழுத்திருப்பாரே, அந்த நிதானத்தோடு. கண்ணைத் திறந்து என் வீட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பால் தீயுது," என்றார். "ஓடு."